றெக்கைக்குக் கடன் வாங்காதீங்க

பிறந்தநாளுக்கு ‘தீம்’ வேண்டும் என்பது இப்போது தேயிலைத் தோட்டத்துப் பக்கமும் சட்டமாகிவிட்டது. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பேக்கரியில் ஒரு பட்டர் கேக், பெரிய போத்தல் நெக்டோ, லயத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ரெண்டு டொபி, அவ்வளவுதான். கேக் வெட்டும்போது எடுத்த ஒரே போட்டோவில் பாதிப் பேர் கண்ணை மூடியிருப்பார்கள். இப்போதைய பிள்ளைகளோ யார் வீட்டிலோ நடந்த பிறந்தநாளைக் கைபேசியில் பார்த்துப் பார்த்து, அடுத்து என்ன வரும் என்று நமக்கே சொல்லித் தருகிறார்கள். அக்கா மகள் குட்டிக்கு ஐந்து வயதாகப் போன நேரம் அது. தனக்குத் தேவதைப் பிறந்தநாள்தான் வேண்டும் என்று அறிவித்துவிட்டாள். றெக்கை, மினுங்குகிற கோல், பூக்கிரீடம், சின்னச் சின்னக் கேக். பட்டியலில் ஒரு குறையும் இல்லை.

“றெக்க வாங்குற காசுக்கு ரெண்டு கிலோ கோழி வாங்கலாம்டி” என்று அக்கா முடித்துவிட்டாள்.

குட்டி விடுகிற ஆளா? நேராக என்னிடம் வந்தாள். “அனுமாருக்கு றெக்கையே இல்லையே, எப்பிடிப் பறந்தாரு சித்தி?” இறம்பொடைப் பிள்ளைக்கு இது நியாயமான சந்தேகம். சின்மயா மிஷன் கட்டிய பக்த அனுமன் கோயில் எங்கள் மலையில் இருக்கிறது. சீதையைத் தேடி வந்த அனுமார் இந்த மலையில்தான் இளைப்பாறினார் என்பது ஊர்ப் பேச்சு. பறக்கிற சாமியைக் கும்பிட்டு வளர்கிற பிள்ளை றெக்கை கேட்டால் அதை எப்படிப் பேராசை என்பது?

பார்ட்டி அலங்காரம் செய்கிற ஒருவரிடம் விலை கேட்டோம். பலூன் வளைவு, பின்னால் கட்டுகிற துணிப்படம், சிம்மாசனம் போல ஒரு கதிரை, பிறந்தநாள் பிள்ளைக்கு ஒரு சோடி றெக்கை. எல்லாம் சேர்த்து 35,000 ரூபாய், வாகனச் செலவு தனி. நாளுக்கு 1,700 ரூபாய் கேட்டு இழுபறிப்பட்டு, 2024 செப்டம்பரில் எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு அடிப்படை நாட்சம்பளம் 1,350 என்று முடிவானது நினைவிருக்கும். அப்போதைய அந்தக் கணக்குப்படி அக்கா 26 நாள் பேர் போட வேண்டியிருந்தது. மாசத்துக்கு அத்தனை நாள் வேலை எந்தத் தோட்டத்தில் கொடுக்கிறார்கள்? அதனால்தான் குழுக்கடன், நகை அடகு, கடையில் பற்று என்று பிறந்தநாள்கள் நடக்கின்றன. ரெண்டு மணித்தியாலக் கொண்டாட்டத்தின் தவணையைக் கட்டி முடிப்பதற்குள் அடுத்த பிறந்தநாள் வந்துவிடும்.

ஆனால் எனக்குக் காசைவிட உறுத்தியது அந்த ‘ஒரு சோடி றெக்கை’தான். லயத்தில் பிறந்தநாள் என்றால் அழைப்பிதழ் கொடுத்து ஆள் கூப்பிடுகிற கதை கிடையாது. பாட்டுச் சத்தம் கேட்டால் மேட்டு லயம், பணிய லயம் எல்லாப் பிள்ளைகளும் வந்து நிற்பார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் தேவதை, மிச்சம் இருபது பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வேண்டும் என்றால் அது யாருக்கு விருந்து? வருகிற எல்லாப் பிள்ளைக்கும் றெக்கை, அதற்குப் பிறகு காசு மிஞ்சினால் மற்றது என்று நானும் குட்டியும் பேசி முடித்தோம். “எனக்கு மட்டும் கொஞ்சம் பெரிய றெக்க” என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தாள். நிறைவேற்றப்பட்டது.

இந்த இடத்தில் ஒரு ஆங்கிலப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிசிலி மேரி பார்க்கர், 1895இல் இலண்டனை ஒட்டிய குரோய்டனில் பிறந்த ஓவியர். சின்ன வயதிலிருந்தே வலிப்பு நோய் இருந்ததால் வீட்டிலேயே படித்தவர். 1923இல் அவருடைய முதல் பூத் தேவதைப் புத்தகம் வெளிவந்தது. ஒவ்வொரு பூவுக்கும் ஒரு குழந்தைத் தேவதை. அந்தப் பூவின் நிறத்திலேயே சட்டை, முதுகில் வண்ணத்துப்பூச்சிச் சிறகு. இன்று கடையில் விற்கிற தேவதைப் பொருள்களில் பாதிக்கு அந்தப் படங்களின் சாயல் இருக்கும். அவர் மனதில் தோன்றியதை மட்டும் வைத்து வரையவில்லை. அக்கா டோரதி வீட்டில் நடத்திய பாலர் பள்ளிப் பிள்ளைகளை நிறுத்திவைத்து வரைந்தார். வேசத்தைத் தானே தைத்தார். சிறகு எதனால் தெரியுமா? சுள்ளியும் சல்லாத்துணியும். இன்னொன்றும் உண்டு. சனிக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்த கிளாடிஸ் டைடி என்ற சிறுமிதான் அந்த முதல் புத்தகத்தில் பிரிம்ரோஸ் பூவின் தேவதை. இந்தத் தோட்டங்களிலிருந்து எத்தனை சிறுமிகள் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் போனார்கள் என்று தெரிந்தவர்களால் அந்தப் படத்தைச் சும்மா புரட்டிவிட்டுப் போக முடியாது.

சுள்ளிக்கு எங்களிடம் என்ன பஞ்சம்? கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து அம்மா கட்டுக்கட்டாகச் சுமந்து வந்த மிலாறு அடுப்புக்குப் பின்னால் அடுக்கிக் கிடக்கிறது. அது நல்ல முறுக்கு, வளையாது. ஆகவே கோலுக்கு மிலாறு, றெக்கைக்கு மூங்கில் சிம்பு. மிலாறில் நேரான துண்டாகப் பார்த்து முழ நீளத்துக்கு வெட்டி, பட்டையைச் சீவி, நுனியை மழுக்கி, தலையில் அட்டை நட்சத்திரம் ஒட்டினால் கோல் முடிந்தது.

வெசாக் கூடு கட்டத் தெரிந்தவர்களுக்கு றெக்கை ஒரு வேலையே இல்லை. சிம்பை மெல்லியதாகச் சீவி இராத்திரி தண்ணீரில் ஊறவைத்தால் காலையில் சொன்னபடி வளையும். மேலே பெரிய வளையம் ரெண்டு, கீழே சின்னது ரெண்டு, நடுவில் நூலால் இறுக்கிக் கட்டு. துணிக்குப் பழைய நுளம்பு வலை போதும். கிழிந்தது என்று மடித்து வைத்த வலை எந்த வீட்டிலும் ஒன்று இருக்கும். வலையை இழுத்துப் பிடித்து விளிம்பை மடித்துத் தையுங்கள், அந்த இழுப்புக்குப் பசை நிற்காது. பீட்ரூட் சாறு, மஞ்சள் தண்ணீர் என்று நிறம் ஏற்றிப் பார்க்க வேண்டாம். அந்த நிறம் நிலைக்காது. கூட்டுக்கு ஒட்டுகிற டிசு தாளைப் பூவிதழ் போல வெட்டி அங்கங்கே ஒட்டினால் வெளிச்சம் பட்டதும் நிறம் எடுக்கும். தோளில் மாட்ட லாஸ்டிக். சிம்பு முனை எல்லாவற்றுக்கும் துணி சுற்றுங்கள், பக்கத்துப் பிள்ளையின் கண் இருக்கிற உயரம் அது. அகலத்தை மட்டும் அடக்கிப் பிடியுங்கள். வீடியோவில் பார்க்கிற அகலத்துக்குக் கட்டினால் காம்பரா வாசலில் தேவதை சிக்கிக்கொள்வாள்.

தோளில் எப்படி நிற்க வைப்பது என்பதைப் பெரியப்பா சொல்லித் தந்தார். அவர் எத்தனையோ மாசியில் காமன் கூத்துக்கு ரதி வேசம் கட்டியவர். இரவு முழுக்க ஆடினாலும் கழன்று விழாமல் உடையும் முடியும் கட்டத் தெரிந்த கை. லாஸ்டிக்கை நேராகப் போடாமல் முதுகில் ஒருமுறை குறுக்காக மாற்றிக் கட்டச் சொன்னார். அப்படிக் கட்டினால் பிள்ளை ஓடும்போது றெக்கை பின்னால் சரியாது. அட்டையில் அளவு வெட்டி வைத்துக்கொண்டால் ஒரே அளவில் எத்தனையும் கட்டலாம் என்பதும் அவர் யோசனைதான்.

பையன்களுக்கும் றெக்கையா என்று ஒருவர் கேட்டார். தொங்கல் காம்பராக்காரர். “பொம்பளப் புள்ள வேசத்தப் பயலுக்குப் போடுவியா?” பெரியப்பா சிம்பு சீவுவதை நிறுத்தவேயில்லை. “நான் ரதி கட்டுனவன்டா. எனக்கு என்னா கொறஞ்சு போச்சு?” அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பையன்கள்தான் முதலில் வந்து றெக்கைக்கு வரிசையில் நின்றார்கள் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

நாள் பார்ப்பது இங்கே தனிச் சிக்கல். ஞாயிறு என்றால் கைக்காசுக் கொழுந்துக்குப் போகிற தாய்மார் இருப்பார்கள். போயா நாள் வசதி. எல்லோருக்கும் லீவு. அன்றைக்குச் சாராயக் கடை மூடியிருக்கும் என்பது குழந்தையின் பிறந்தநாளுக்குக் கிடைக்கிற மிகப் பெரிய பரிசு. இறைச்சிக் கடையும் மூடித்தான் இருக்கும். ஆகவே கோழி முதல் நாளே வந்துவிட்டது. அக்கா கோழியை விடவில்லை என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

நேரம் முக்கியம். மூணு மணி தாண்டினால் இறம்பொடையில் மிஸ்ட் இறங்கத் தொடங்கும், சில நாள் மழையும் சேர்ந்துகொள்ளும். கொழும்பில் புகை மிசினுக்கு வாடகை கொடுக்கிறார்கள், நமக்கு அது மலையே தருகிற சீர். ஆனால் நனைந்த வலையும் நனைந்த பிள்ளையும் அழகில்லை. ஒரு மணிக்குத் தொடங்கி, விளையாட்டை வாசலில் முடித்து, மிஸ்ட் வந்ததும் கேக்குக்கு உள்ளே போவது நல்ல திட்டம். பிள்ளைக்காம்பராவில் நடத்தலாம் என்றால் அனுமதி முன்கூட்டியே கேளுங்கள். நாங்கள் லயத்து வாசலிலேயே வைத்தோம். வாசலுக்கு முன்னால் ஓடுகிற கான்மேல் பலகை போட்டு மூடினோம். றெக்கை கட்டிய பிள்ளை காலடியைப் பார்க்கவே பார்க்காது.

வெறுங்காலில் புல்மேல் ஓடுகிற தேவதையைப் படத்தில் பார்க்கலாம், இங்கே காலில் அட்டை ஏறும். சப்பாத்தும் நீளக் காலுறையும் போடுங்கள். காலுறைமேல் சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டால் அட்டை அவ்வளவாக ஏறாது. அதைவிடப் பெரிய விசயம் குளவி. மலையில் குளவி கொட்டி ஆட்கள் ஆசுபத்திரிக்குப் போகாத மாசம் உண்டா? வாசலைச் சுற்றியிருக்கிற மரம், கூரை முகடு, தேயிலை ஓரம் எல்லாவற்றையும் பெரிய ஆள் ஒருவர் முதல் நாளே நின்று பார்க்க வேண்டும். கூடு இருந்தால் இடத்தை மாற்றுங்கள். கல்லெறிந்து கலைக்கிற வேலை வேண்டாம், பட்டாசும் வேண்டாம்.

பூவுக்கு வருகிறேன். தேயிலைப் பூ எவ்வளவு அழகு என்று மலையில் வேலை செய்கிறவர்களுக்கே அதிகம் தெரியாது. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் தூள். ஒழுங்காகக் கொழுந்தெடுத்துக் கவ்வாத்து வெட்டுகிற மலையில் அது பூப்பதே அபூர்வம். கைவிட்டுக் காடாகிப்போன மலையில்தான் செடி மரமாகி, கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கும். தோட்டத்துக்கு நட்டம், கிரீடத்துக்கு லாபம். எங்கள் பிள்ளைகளின் தலையில் இருந்தது செவ்வந்தியும் தேயிலைப் பூவும்தான்.

ஒரு பூவை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ரோட்டோரத்தில் நீளமாக, மணி போலத் தலைகீழாகத் தொங்குமே, வெள்ளையும் இளஞ்சிவப்பும். தேவதைக்குப் பாவாடை தைத்து வைத்த மாதிரியே இருக்கும். இணையத்தில் அதைக் குழந்தையின் தலையில் தொப்பியாகக் கவிழ்த்துப் படம் போடுகிறார்கள். அது ஊமத்தையின் நெருங்கிய சொந்தம். இலை, பூ, விதை எல்லாம் விசம். உள்ளே போனால் பிதற்றலும் நெஞ்சுப் படபடப்பும் வரும். தொட்ட கையைக் கண்ணில் தேய்த்தால் கண்மணி விரிந்து பார்வை மங்கும். ஹைட்ரேஞ்சியாவையும் கேக்மேல் வைக்காதீர்கள், அதுவும் தின்கிற பூ இல்லை.

விளையாட்டுக்கு ஒரு சதமும் செலவில்லை. ‘பீட்டர் பான்’ நாடகம் 1904 டிசம்பர் 27ஆம் திகதி இலண்டனில் முதலில் மேடையேறியபோது டிங்கர் பெல் என்ற தேவதைக்கு நடிகையே கிடையாது. கண்ணாடியால் மேடையில் பாய்ச்சிய ஒரு வெளிச்சப் புள்ளியும் மணிச் சத்தமும்தான் அவள். சிறகும் உடையும் 1953இல் டிஸ்னி படத்தோடு உலகம் முழுக்கப் போனவை. இதைப் படித்ததும் அம்மாவின் முகக்கண்ணாடியையும் பூசை மணியையும் எடுத்துக்கொண்டேன். லயத்துச் சுவரில் வெளிச்சத்தை ஓடவிட்டு, மணியை ஆட்டி, தேவதையைப் பிடிங்கடா என்றால் போதும். வெயில் போனதும் டோர்ச் லைட். வேறு எந்த விளையாட்டும் பிள்ளைகளை இவ்வளவு நேரம் இழுத்துப் பிடிக்கவில்லை.

புதுவருசத்துக்கு யானைக்குக் கண் வைப்போமே, அதையே தேவதைக்குச் சிறகு வைப்பதாக மாற்றினோம். சுவரில் ஒட்டிய தேவதையைப் பணிய லயத்துப் பிள்ளை ஒருத்தி வரைந்தாள். ரெட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், கறுப்புத் தோல், மூக்குத்தி. கடையில் விற்கிற படத்தில் இப்படி ஒருத்தியைக் காணக் கிடைக்காது. கண்ணைக் கட்டிக்கொண்டு போன முதல் ஆள் சிறகைக் காலில் ஒட்டினான். பெரியவர்களும் வெட்கத்தை விட்டு வரிசைக்கு வந்தார்கள்.

போட்டோவுக்கு 1917இல் இங்கிலாந்தின் கொட்டிங்லி கிராமத்தில் நடந்த திருட்டுத்தனம் கைகொடுத்தது. எல்சி ரைட்டுக்குப் பதினாறு வயது, அவளுடைய ஒன்றுவிட்ட தங்கை பிரான்சஸ் கிரிபித்ஸுக்கு ஒன்பது. எல்சியின் அப்பாவுடைய கெமராவை வாங்கிக்கொண்டு ஓடைப் பக்கம் போய்த் தேவதைகளோடு படம் எடுத்து வந்தார்கள். முதல் படத்தில் பின்னால் ஒரு சின்ன அருவியும் தெரியும். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கொனன் டொயில் அதை உண்மை என்று நம்பி 1920 டிசம்பரில் பத்திரிகையில் கட்டுரையே எழுதினார். கடைசியில் 1983இல் அந்த ரெண்டு பேரும் கிழவிகளான பிறகு ஒத்துக்கொண்டார்கள். அந்தத் தேவதைகள் புத்தகப் படத்தைப் பார்த்து வரைந்து வெட்டிய தாள், தொப்பி ஊசியில் குத்தி நிறுத்தியது. துப்பறியும் கதை எழுதியவரையே ஏமாற்றிய பிள்ளைகள்! நாங்களும் தாளில் தேவதை வெட்டி, தேயிலைச் செடிக்குள் ஈர்க்கில் நிறுத்தி, கைபேசியைத் தரையோடு வைத்து எடுத்தோம். பின்னால் மிஸ்ட். பார்த்தவர்களில் ரெண்டு பேர் எந்த ஆப் என்று கேட்டார்கள். அருவி வேண்டும் என்று மட்டும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறம்பொடை அருவிக்குக் கிளம்பிவிடாதீர்கள். 109 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் அது, சுற்றுப் பாறையெல்லாம் வழுக்கும். ரோட்டிலிருந்து பார்த்தாலே போதிய அழகு.

சாப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவுஸ்திரேலியாவில் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குத் ‘தேவதைப் பாண்’ என்று ஒன்று வைப்பார்கள். பாண் துண்டில் பட்டர் பூசி, கேக்குக்குத் தூவுகிற வண்ணச் சீனி மணியைக் கொட்டி, முக்கோணமாக வெட்டுவது. சமையல் அவ்வளவுதான். மார்ஜரினிலும் நன்றாக வரும். கேக்குக்கு, பேக்கரியில் வெறும் கப் கேக் வாங்கி, மேல்பகுதியைச் சீவி ரெண்டாக வெட்டி, கொஞ்சம் ஐசிங் வைத்து அந்த ரெண்டு துண்டையும் சாய்த்துக் குத்தினால் சிறகு. குடிக்கக் கசகசா போட்ட ரோஸ் சர்பத். பெரியவர்களுக்குக் கடலை வடையும் இஞ்சிப் பிளேன்டீயும். மினுக்குத் தூள் எங்கும் தூவவில்லை. அது மழையோடு கானுக்கும் அங்கிருந்து ஓயாவுக்கும்தான் போகும்.

மெழுகுதிரி ஊதுவதற்கு முன்னால் எல்லா றெக்கையையும் கழற்றிவிடுங்கள். நைலோன் வலை தீப்பட்டால் எரிவதோடு நிற்காது, உருகித் தோலில் ஒட்டும். குட்டி கொஞ்சம் சிணுங்கினாள், ஊதி முடித்ததும் முதலில் ஓடிப்போய் மாட்டிக்கொண்டாள். உடைந்த பலூன் துண்டுகளையும் அப்போதே பொறுக்குங்கள், வாயில் போடுகிற வயதுப் பிள்ளைகள் எப்போதும் நாலு பேர் இருப்பார்கள்.

பெரிய பொக்ஸ் வைத்துப் பாட்டுப் போடலாம் என்று இளவட்டங்கள் வந்தார்கள். ஆறு மணிக்கு மேல் எங்கேயாவது தள்ளி வைத்து ஆடிக்கொள்ளுங்கள் என்றோம். பிறந்தநாள் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு நிற்க, மாமன்மார் ஆடுகிற கொண்டாட்டங்கள் இந்த மலையில் போதுமான அளவு நடந்துவிட்டன.

மொத்தச் செலவு அந்த அலங்காரக்காரர் சொன்னதில் கால்வாசிகூட வரவில்லை, கோழியையும் சேர்த்து. பிள்ளைகள் றெக்கையோடுதான் வீட்டுக்குப் போனார்கள். திங்கட்கிழமை பிள்ளைக்காம்பராவுக்கும் அதையே மாட்டிக்கொண்டு வந்ததாக ஆயாம்மா சொன்னார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை றெக்கை கேட்டால் கடனுக்குப் போகாதீர்கள். பெரியப்பா வெட்டிய அட்டை அளவு மூணு வயதுக்கு ஒன்று, ஆறு வயதுக்கு ஒன்று என்று பத்திரமாக இருக்கிறது. கேட்டால் படம் எடுத்து அனுப்புகிறேன். இந்தப் பக்கத்து ஆட்கள் நேரிலேயே வாருங்கள், சிம்பு சீவ பெரியப்பாவும் இருப்பார். வரும்போது பழைய நுளம்பு வலை மட்டும் கொண்டுவாருங்கள், எங்களிடம் இருந்தது முடிந்துவிட்டது.